கரடி மோட்டார் போடப் போகிறது

என் பெரியப்பா மகன் ராஜமாணிக்கத்துக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் அன்புசெல்வன். இளையவள் நந்தினியைத் திருவள்ளூரில் கோர்ட்டு குமாஸ்தாவாக இருக்கிற பிள்ளைக்குக் கொடுத்தோம். மாப்பிள்ளை செய்கிற வேலையை ஊரில் யாரிடமும் ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். அன்புசெல்வன் வேலையைச் சொல்லத்தான் மூச்சு முட்டும். டிவியில் சின்னப் பிள்ளைகள் பார்க்கிற பொம்மைப் படத்தில் ஒரு கரடி தமிழ் பேசுகிறதே, அந்தக் கரடியின் குரல் இவன் குரல். கரடி என்ன பேச வேண்டும் என்று எழுதுகிறவனும் இவன்தான்.

அவனால் ஓரிடத்தில் உட்கார முடியாது. பிறந்ததிலிருந்தே அப்படித்தான். உட்கார்ந்தால் முழங்கால் ஆடும், நின்றால் கட்டை விரல் தரையைக் கீறும். பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் மாமன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “பையனுக்கு வலிப்பு கிலிப்பு உண்டாங்க?” என்று கேட்டார். அந்தச் சம்பந்தம் அதோடு போயிற்று. முப்பத்தெட்டு வயதாகிறது, இன்னும் அமையவில்லை.

பதினோரு வருஷம் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தான். அங்கே வடநாட்டு மேஸ்திரி ஒருவர் ஒலிபெருக்கியில்தான் பேசுவார். ஒரு நாள் பகல் பதினொரு மணிக்கு அந்த ஒலிபெருக்கி, “டீ டைம், சப் லோக் டீ டைம்” என்றது. முப்பது பேர் கேன்டீனுக்குப் போய்விட்டார்கள். மேஸ்திரியும் தன் குரலைத் தானே நம்பி அவர்கள் பின்னாலேயே டீ குடிக்கப் போனார். பேசினவன் அன்புசெல்வன். கிரேன் ஓட்டுகிற இம்மானுவேலுக்கு வடபழனியில் ஒரு டப்பிங் கூடத்தில் மச்சான் இருந்தான். “நீ இங்க இரும்பு சுமந்துக்கினு இன்னாடா பண்ற, வா” என்று கையோடு கூட்டிப்போய் விட்டான்.

முதலில் நாய் குரைக்க, கூட்டத்தில் கத்த, இடி இடிக்க. பிறகு இந்தக் கரடி. வசனம் எழுதிக்கொண்டிருந்தவர் ஒரு நாள் சொல்லாமல் நின்றுவிட, பேனாவும் இவன் கைக்கு வந்தது.

அது வெளிநாட்டுப் படம். ஓர் ஆண் கரடி, பெண்டாட்டிக் கரடி, இரண்டு குட்டிகள். சாயங்காலம் ஆனால் ஆண் கரடி, தேன் பார்த்துவிட்டு வருகிறேன் என்று இங்கிலீஷில் பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டு, ஓடை தாண்டி ஒரு நரிப் பெண் இருக்கிற மர வீட்டுப் பக்கம் போகும். கதவு சாத்தும். அவ்வளவுதான், அடுத்து காலை விடிந்து குட்டிகள் விளையாடும். குட்டிகள் அப்பா தேன் எடுக்கப் போனதாக நினைத்துக்கொள்ளும். பார்க்கிற பிள்ளைகளும் அப்படியே. சோபாவில் பின்னால் உட்கார்ந்திருக்கிற பெற்றவர்கள் மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். ஒரு படத்துக்குள் இரண்டு படம் வைத்திருந்தார்கள் அந்த ஊர்க்காரர்கள்.

தமிழில் அது போவதற்கு முன்னால் சேனல்காரர்கள் வார்த்தை வார்த்தையாகச் சோதிப்பார்கள். சோதிக்கிற பெண் அருணா. மும்பையில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். தமிழ் சுத்தமாகப் பேசும், சுத்தத் தமிழைத் தவிர வேறு தெரியாது. அதன் கையில் பதினோரு பக்கத்துக்கு ஒரு பட்டியல் இருந்தது. ‘பொறுக்கி’ கெட்ட வார்த்தை, ஆகவே குட்டிக் கரடி கல்லைப் பொறுக்கி எறியக் கூடாது, எடுத்துத்தான் எறிய வேண்டும். ‘சனியன்’ பட்டியலில் இருந்ததால் சனிக்கிழமைக்கு ஒரு முறை விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. ஆற்று மீனைப் பார்த்துக் கரடி “உன்னைத் தின்னுடுவேன்” என்று சொல்வது வன்முறை. அதை “உன்னை வந்து பார்க்கிறேன்” என்று மாற்றினார்கள். மீன் அதற்கும் பயந்து ஓடியது.

நாலைந்து மாதத்தில் அன்புசெல்வனுக்கு ஒன்று பிடிபட்டது. சோதனை நடப்பது காகிதத்தில். குரலில் என்ன இருக்கிறது என்று காகிதத்தில் தெரியாது. எங்கே நிறுத்துகிறோம், எங்கே இழுக்கிறோம், எந்த இடத்தில் ஓர் இருமலைப் போடுகிறோம், இதற்கெல்லாம் பட்டியல் கிடையாது.

கரடி நரி வீட்டுக்குப் போகிற முதல் சாயங்காலக் காட்சிக்கு வசனம் சரியாக வரவில்லை. தேன் என்று சொன்னால் கரடியின் உதட்டசைவோடு ஒட்டவில்லை, படத்தில் உதடு மூடிவிட்டுத் திறக்கிறது. பெண்டாட்டிக் கரடிக்குக் குரல் கொடுக்கிற அஸ்வினி கண்ணாடி அறைக்குள் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. இவன் அறைக்குள் நாலு நடை நடந்தான். ஐந்தாவது நடையில் வாயிலிருந்து தானாக வந்து விழுந்தது.

“மோட்டார் போட்டுட்டு வரேன்.” பின்னால் ஓர் இருமல்.

உதடு பிசகாமல் ஒட்டியது. பெண்டாட்டிக் கரடிக்கு, “சரிங்க, பாத்துப் போயிட்டு வாங்க” என்று எழுதினான். அருணா ஒரே ஒரு கேள்விதான் கேட்டதாம்.

“காட்டுல ஏது சார் மோட்டார்?”

“காமெடி மேடம்.”

“ஓகே, காமெடி” என்று டிக் போட்டுவிட்டது.

அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்பதை இப்போது சொல்லிவிட வேண்டும். ஆரணிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். போர்வெல் தண்ணீரில்தான் நெல். அந்த நாளில் மோட்டார் ஓடுகிற மின்சாரம் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் வரும். வயலை எங்கள் பக்கம் கொல்லை என்போம். மின்சாரம் வந்ததும் ஆம்பிளைகள் கொல்லைக்குப் போய் மோட்டார் போட்டுவிட்டு வருவார்கள். ராஜமாணிக்கமும் போவார். போனால் திரும்பி வர ஒன்பது ஆகும், பத்து ஆகும். பஸ் போகிற ரோட்டில் இட்லிக் கடை வைத்திருந்த கனகாம்பாள் வீடு எங்கள் கொல்லைக்கு அந்தப் பக்கம். ஒளிப்பானேன், பதினைந்து வருஷம் நடந்தது. அந்த அம்மாளும் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது.

ராஜமாணிக்கத்துக்குப் பொய் சொன்னால் இருமல் வரும். “மோட்டார் போட்டுட்டு வரேன்” என்பார், உடனே ஓர் இருமல் இருமுவார். ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. எங்கேயாவது எவனாவது எவள் வீட்டுக்காவது போனால், “அவன் மோட்டார் போடப் போயிருக்கான்” என்று சொல்லி இருமினால் போதும். பிள்ளைகள் பக்கத்தில் இருந்தாலும் கவலையில்லை. அன்புசெல்வனுக்கு ஏழு வயது இருக்கும்போது டீக்கடையில் வைத்து, “நைனா, நானும் உங்கூட மோட்டார் போட வரேன்” என்று அழுதான். அன்று கடையில் டீ கீழே கொட்டியது இரண்டு பேருக்கு. இவன் ஏன் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் தானும் சிரித்தான். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் அவனுக்குத் தெரிந்தது பத்தொன்பது வயதில், ஆலையில் எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள் ஒருவன் “நீ அந்த மோட்டார்காரரு புள்ளையா?” என்று கேட்டபோது.

ராஜமாணிக்கத்தின் பெண்டாட்டி கெங்கம்மாள் எதிரில் மட்டும் ஊர் மரியாதை காத்தது. அவள் இருக்கிற இடத்தில் மோட்டார் என்ற வார்த்தையை ஒருவரும் சொல்ல மாட்டார்கள். சின்னப் பையன் வாயில் வந்துவிட்டால்கூடப் பெரியவர்கள் குறுக்கே விழுந்து, “பம்பு செட்டு, பம்பு செட்டு” என்று திருத்திவிடுவார்கள். முப்பது வருஷமாக ஒரு ஊரே இப்படி நாக்கைக் கட்டிக்கொண்டிருந்தது. அதைத்தான் இவன் நாடு முழுக்க ஒலிபரப்பினான்.

பிள்ளைகளுக்கு அந்த வசனம் அவ்வளவு பிடித்துப் போயிற்று. பள்ளிக்கூடத்தில் ஒன்றுக்குப் போக, “மிஸ், மோட்டார் போட்டுட்டு வரேன்” என்று கேட்டார்களாம். சேனல்காரர்கள் எல்லாப் பாகத்திலும் அதை வைக்கச் சொன்னார்கள். நாற்பத்திரண்டு பாகம் ஓடியது. ஆதிகேசவன் டீக்கடை டிவியில் பெரிய ஆம்பிளைகள் உட்கார்ந்து சின்னப் பிள்ளை சேனலைப் பார்த்தார்கள். இருமல் வந்ததும் கடை முழுவதும் இருமியது. ராஜமாணிக்கம் அந்தப் பக்கம் போவதை நிறுத்திக்கொண்டார். கெங்கம்மாள் வீட்டு டிவி புயலில் கெட்டதோடு சரி, புதிது வாங்கவில்லை. அதனால் அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று அன்புசெல்வன் நிம்மதியாக இருந்தான்.

ஏப்ரலில் நந்தினி தன் மகள் இளமதியின் லீவைப் பற்றிப் போன் செய்தது.

“அண்ணா, இளமதிக்கு லீவு வுட்டதும் இருபது நாளு அம்மா ஊட்டுலதான் இருக்கும். அதுக்குக் கரடி இல்லாம சோறு எறங்காது. அவரு டிவி வாங்கிட்டாரு. அடுத்த வாரம் ஞாயித்துக்கிழம வந்து மாட்டிடுவாங்க.”

“எதுக்கு இப்ப டிவி?”

“இன்னாண்ணா இப்படிக் கேக்குற? நீ பேசறத அம்மாவும் பாக்கட்டுமே. திங்கக்கிழமைலேந்து புது பாகம் வேற வருதாமே!”

நந்தினிக்கு அந்த வார்த்தையின் உள்விவகாரம் தெரியாது. பெண்பிள்ளை என்று ஒருவரும் அவள் காதில் போடவில்லை. இவன் போனை வைத்துவிட்டு விரலை விட்டு எண்ணினான். ஒன்பது நாள் இருந்தது. ஒன்பது நாளில் அந்த வசனத்தை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் தாயார் தன் வீட்டு நடுக்கூடத்தில் பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்க வேண்டும்.

அன்றைக்கு வடபழனியிலிருந்து திரும்புகிறவன், தான் தங்கியிருக்கிற கவரைப்பேட்டை வரை ரயிலில் நிற்க முடியாமல் மீஞ்சூரில் இறங்கிவிட்டான். பிளாட்பாரத்தில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தான். அடுத்த வண்டி வந்தது, ஏறவில்லை. அதற்கடுத்த வண்டியில் ஏறி, வாசலிலேயே நின்றுகொண்டு வந்தான்.

மறுநாள் அருணா ஒலிப்பதிவுக்காகச் சென்னை வந்திருந்தது. அதனிடம் போனான்.

“மேடம், அந்த மோட்டார் டயலாக்க புது பாகத்துலேந்து எடுத்துடலாம்.”

“ஏன் சார்? அதுதான் ஹிட்.”

“அதுல வேற ஒரு அர்த்தம் இருக்குது மேடம்.”

“எந்த அகராதியில?”

“அகராதில இல்ல. எங்க ஊருல.”

“உங்க ஊர்ல எத்தனை வீடு?”

“முந்நூறு இருக்கும்.”

அது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தது. “சார், பட்டியல்ல இல்லாததை நான் வெட்டணும்னா காரணம் எழுதணும். கெட்ட அர்த்தம்னு எழுதினா, தெரிஞ்சே எழுதினது யாருன்னு கேப்பாங்க. நாற்பத்திரண்டு பாகம் டிக் போட்டது யாருன்னு அடுத்த கேள்வி. நீங்க எதுவும் சொல்லலை. நான் எதுவும் கேக்கலை.”

எத்தனையோ வார்த்தைகளைச் சோதனைக்குத் தெரியாமல் கொண்டுபோனவன், இப்போது ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொடுக்கப் போனால் சோதனை செய்கிறவள் வாங்க மாட்டேன் என்கிறாள். எங்கே போய்ச் சொல்வது? மிச்சம் இருந்தது ஒரே வழிதான். டிவி சொல்வதற்கு முன்னால் தாயாரிடம் தானே சொல்லிவிட வேண்டும்.

அன்புசெல்வன் ஊருக்கு வந்தான். நவரைப் பட்டத்து நெல் அறுப்பு முடிந்து ஊர் சிமெண்டு ரோட்டில் பாதிக்கு நெல் காய்ந்துகொண்டிருந்தது. கெங்கம்மாள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, காலைத் தேய்த்துத் தேய்த்து நெல்லைக் கிளறியபடி கோடிக்குக் கோடி போய்வந்தாள். இவன் பின்னாலேயே போனான்.

“செருப்பக் கழட்டுடா, நெல்லு.”

கழற்றினான். நெல் சுட்டது. நிற்கவும் முடியவில்லை, நடக்கவும் முடியவில்லை.

“எம்மா, டிவில ஒரு கரடி வருது.”

“அது நீதான? ஆதிகேசவன் பொண்டாட்டி சொல்லிச்சி. உம் புள்ள நல்லா பேசறான்னு சொல்லிட்டு முந்தானையால வாயப் பொத்திக்கினு போச்சி. அதுல சிரிக்க இன்னா இருக்குதுன்னு தெரியல.”

“அந்தக் கரடி சாயங்காலம் ஆனா பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டு வெளிய போவும்.”

“எங்க?”

“மோட்டார் போட்டுட்டு வரேன்னுட்டுப் போவும்.”

கெங்கம்மாளின் கால் நிற்கவில்லை. கோடி வரைக்கும் போனாள், திரும்பினாள், அடுத்த வரிசையைப் பிடித்தாள். ஒரு காக்கையை விரட்டினாள். இவன் உள்ளங்கால் வெந்துகொண்டிருந்தது.

“யாரு எழுதனது?”

“நாந்தாம்மா.”

“உங்க நைனா கொரலுலயா பேசன?”

“ம்.”

“இருமலு?”

“போட்டேன்.”

இன்னொரு வரிசை முடிந்தது.

“அந்தப் பொம்பள இன்னா சொல்லுது?”

“எந்தப் பொம்பள?” இட்லிக் கடையைத்தான் கேட்கிறாளோ என்று நினைத்துவிட்டான்.

“அவன் பொண்டாட்டிடா. பொட்டக் கரடி. அவன் அப்படிச் சொல்லிட்டுப் போறப்போ அது இன்னா பதிலு சொல்லுது?”

“சரிங்க, பாத்துப் போயிட்டு வாங்கன்னும்.”

அப்போதுதான் கெங்கம்மாள் நின்றாள்.

“சரிங்கவா? நான் என்னிக்குடா அந்தாளுகிட்ட சரிங்கன்னு சொன்னேன்? அவன் எங்கயோ மேயப் போறான், இவ ஒருத்தி ஒண்ணும் தெரியாத மக்கு மாரி வாசல்ல நின்னுக்கினு சரிங்க, சரிங்கன்றாளா? இதத்தான் ஊரு பூரா பாத்துட்டு சிரிக்குதா?”

“எம்மா, உனக்கு...”

“இன்னா உனக்கு? நான் வரப்பல்லாம் பம்பு செட்டு, பம்பு செட்டுன்னு மூஞ்சத் திருப்பிக்கினு போவானுங்களே, எனக்குத் தெரியாதா? பாவம், கஷ்டப்பட்டு மறைக்கறானுங்களேன்னு நானும் வுட்டுட்டேன். ஆனா நீ எங்கூட ஒரே ஊட்டுல சோறு துன்னவன். நீயுமா என்ன அப்படி நெனச்ச?”

அவன் காலை மாற்றி மாற்றி வைத்தான்.

“அப்ப நீ இன்னாதாம்மா சொல்லுவ?”

“நான் சொன்னத எங்கிட்ட ஏன் கேக்கற? யாரு காதுல சொன்னனோ அந்தாள கேளு. அதக் கேட்டுக் கரடிக்குப் போடு. இல்லன்னா அந்தக் கரடி என் ஊட்டுக்குள்ள வரக் கூடாது. டிவியும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்.” திரும்பி நடந்துவிட்டாள். பிறகு பின்னால் பார்க்காமலே, “நெழலுக்குப் போடா, கால் பொசுங்குது” என்றாள்.

இப்போது அவன் பட்ட பாடு முன்னதைவிடப் பெரியது. தாயாரிடம் சொல்ல வேண்டியதையாவது சொல்லி முடித்தாயிற்று. தகப்பனிடம் இந்தப் பேச்சை எந்தப் பிள்ளை எடுப்பான்? வியாழக்கிழமை ஒலிப்பதிவு. இரண்டு நாள் கொல்லைக்கும் வீட்டுக்கும் நடந்தான். என்னிடம் வந்து, “சித்தப்பா, நீ கேட்டுச் சொல்லேன்” என்றான். “உன் கரடி, நீ கேள்” என்று சொல்லிவிட்டேன்.

புதன்கிழமை நாலு மணிக்கு ராஜமாணிக்கம் புளிய மரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். அறுபத்தொன்பது வயது, முழங்கால் வலி. இப்போது எங்கள் ஊரில் மோட்டார் போட யாரும் கொல்லைக்குப் போவதில்லை. செல்போனிலேயே போடுகிற பெட்டி வந்துவிட்டது. அது வந்த அன்று ஆதிகேசவன் கடையில், “இனி நம்ம ஆம்பளைங்க பாடு திண்டாட்டம்டா” என்று பேசிக்கொண்டார்கள். ராஜமாணிக்கம் போனைக் காதில் வைத்திருந்தார். மோட்டார் இயங்கத் தொடங்கியது என்று ஒரு பெண் குரல் உள்ளேயிருந்து சொன்னது.

“நைனா.”

“இன்னாடா, வேலைக்குப் போவலியா?”

“போவணும். ஒண்ணு கேக்கணும். அந்தக் காலத்துல நீ சாயங்காலம் கெளம்பறப்போ, அம்மா உங்கிட்ட ஒரு வார்த்த சொல்லுமாமே. அது இன்னா?”

அவர் போனைப் பார்த்தார். வெளிச்சம் போன பிறகும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“யாரு கேக்கச் சொன்னது?”

“அம்மாதான்.”

ராஜமாணிக்கம் எழுந்து உட்கார்ந்தார். கட்டில் கயிறு முனகியது.

“தண்ணி வர்லன்னா சோறு கெடியாது.”

சொன்னது அவர்தான், ஆனால் அது கெங்கம்மாளின் நாற்பது வயதுக் குரல். அந்த மனிதருக்கும் குரல் மாற்றிப் பேச வரும் என்பது அன்றுதான் அன்புசெல்வனுக்குத் தெரிந்தது.

“அவ்ளோதானா?”

“அவ்ளோதானாவா? உங்கம்மா விடியங்காட்டி எழுந்து கடைமடை வரைக்கும் நடந்து போயி, மண்ணுல கால வச்சிப் பாப்பா. ஈரம் இல்லன்னா அன்னிக்கு என் தட்டு மட்டும் கவுந்து கெடக்கும். உங்களுக்கெல்லாம் போடுவா. எனக்குக் கெடியாது. ரெண்டு வாட்டி பட்டினி கெடந்தேன். அதுலேந்து மொதல்ல மோட்டாரப் போட்டு, தண்ணி கூடவே கடைமடை வரைக்கும் நடந்து, மட திருப்பிட்டு, அப்புறந்தான்...”

அவர் பஸ் ரோட்டுப் பக்கம் பார்த்தார்.

பிறகு அன்புசெல்வன் சொல்லி நான் இதைக் கேட்டபோது எனக்குப் பழைய வருஷங்கள் எல்லாம் ஒன்றாக வந்தன. மழை பொய்த்து எங்கள் நிலம், என் மாமனார் நிலம், எல்லாம் வெடித்துக் கிடந்த வருஷத்திலும் ராஜமாணிக்கம் நிலம் பச்சையாக நிற்கும். உழைப்பாளி என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தோம்.

“கோவமா சொல்லுமா, நைனா?”

“கோவமா சொல்லியிருந்தா நான் போயே இருக்க மாட்டேன்டா.” அவர் மறுபடி படுத்து முகத்தை மரத்துப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

வியாழக்கிழமை அஸ்வினி கண்ணாடி அறைக்குள் நின்று அதைச் சொன்னது. “தண்ணி வரலைன்னா சோறு கிடையாது.” பெண்டாட்டிக் கரடியின் உதடு கடைசியில் இரண்டு முறை விரியும். ‘சோறு கிடையாது’ அதில் ஒட்டிக்கொண்டது. அன்புசெல்வன் மூச்சு விடுவதற்குள் அருணா கையைத் தூக்கியது.

“இது போகாது சார்.”

“எது?”

“சோறு கிடையாதுங்கறது. ஏழாம் பக்கம். உணவை மறுத்துத் தண்டிக்கறது.”

“மேடம், மோட்டார் போவுது, சோறு போவாதா?”

“மோட்டார் பட்டியல்ல இல்லை. சோறு இருக்கு.”

அவன் அந்தச் சின்ன அறைக்குள் நடக்க ஆரம்பித்தான். நாலு எட்டு போனால் சுவர், திரும்பினால் மேசை. காது போனின் கம்பி காலில் சிக்கியது. நடந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னான். மோட்டார், இருமல், இட்லிக் கடை, கடைமடை, கவிழ்த்த தட்டு, நெல் காய்ந்த ரோடு. வேலை போனாலும் போகட்டும் என்றுதான் சொன்னான். அஸ்வினி காது போனைக் கழற்றாமல் உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தது.

“இது மட்டும் போவணும் மேடம். மீதி எத வேணா வெட்டுங்க. இது இல்லன்னா எங்கம்மா இன்னும் சரிங்கன்னே சொல்லிக்கினு நிக்கும்.”

அருணா பட்டியலைத் திருப்பி ஏழாம் பக்கத்தை எடுத்து, விரல் வைத்துப் படித்தது.

“குழந்தைக் கதாபாத்திரத்துக்கு உணவை மறுத்துத் தண்டிப்பதுன்னு போட்டிருக்கு” என்றது. “அவர் குழந்தை இல்லையே?”

“ரெண்டு குட்டிக்கு அப்பன் மேடம்.”

“அப்ப பிரச்சினை இல்லை.” டிக் போட்டது. போட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தி, “தண்ணி வந்துதா சார்?” என்று கேட்டது.

“ஒரு நாள் தப்பல மேடம்.”

ஞாயிற்றுக்கிழமை டிவி வந்தது. பழைய பாகங்களைக் காலையில் போடுவார்கள் என்று அன்புசெல்வன் சொல்லிவைத்திருந்தான். மறுநாள் காலையில் கெங்கம்மாள், “கரெண்டு இல்லடி கண்ணு” என்று பேத்தியிடம் சொல்லிவிட்டு டிவியின் ஒயரைப் பிளக்கோடு கழற்றி இடுப்பு மடிப்பில் செருகிக்கொண்டாள். தலைக்கு மேலே காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. இளமதி அதை அண்ணாந்து பார்த்துவிட்டுப் பாட்டியைப் பார்த்தது.

சாயங்காலம் ஆறு மணிக்குப் புதுப் பாகம். இளமதி தரையில் படுத்துக்கொண்டு பார்த்தது. கெங்கம்மாள் உட்காரவில்லை, அடுக்களை நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். ராஜமாணிக்கம் வெளியே ஜன்னலோரம் கட்டிலில். அன்புசெல்வன் கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தான். கரடி வந்தது. மோட்டார் போட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லி இருமியது. ஜன்னலுக்கு வெளியே கட்டில் கயிறு முனகியது.

“தண்ணி வரலைன்னா சோறு கிடையாது” என்றது பெண்டாட்டிக் கரடி.

இளமதி திடுக்கென்று எழுந்து உட்கார்ந்தது. “மாமா! இது எப்பவும் சரிங்கன்னுதான சொல்லும்?”

“இப்ப மாத்திட்டாங்க” என்றான்.

“சூப்பரா இருக்கு. அந்த அப்பா கரடி மூஞ்சப் பாரேன்!” பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தது. அது எதற்குச் சிரித்ததோ.

கெங்கம்மாள் சிரிக்கவில்லை. தலையைச் சாய்த்து, பாட்டில் சுருதி பார்க்கிறவர்கள் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“யாருடா அந்தப் பொண்ணு?”

“அஸ்வினின்னு பேரு. நல்லா பேசும்மா அது.”

“நல்லாத்தான் பேசுது. ஆனா சோத்துல அழுத்துது. சோத்துல அழுத்தினா அது சண்டை. நான் தண்ணிலதான் அழுத்துவேன். அப்பதான் அந்தாளுக்கு ஒறைக்கும்.”

“ஏழு பாகம் பேசி முடிச்சாச்சும்மா.”

“அப்ப எட்டாவதுலேந்து ஒழுங்கா சொல்லச் சொல்லு” என்று சொல்லிவிட்டு உலை பார்க்க உள்ளே போனாள்.